இந்த வீட்டுக்காக மன்றாடுவோம்

ஒருவருக்காக மன்றாடுவது அவருக்குச் செய்யும் நன்மையா, அல்லது அவர் மீது நாமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரமா? ஷானிகாவின் அந்த ஒரு வருடக் கதையைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. அவளுக்கு எழுந்ததா என்பது தெரியவில்லை.

சிலாபத்துப் பெண். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தாள். அந்த இடைவெளியை ஆண்டவருக்குக் கொடுப்பதென்று, வேறொரு கோயில் பங்கில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஊழியம் செய்யும் திட்டத்தில் சேர்ந்தாள். மாம்புரிப் பக்கம், கடலோரக் களப்பில் நண்டு வலை போடும் றொபியின் வீடு அவளுக்குக் கிடைத்தது. றொபியின் மனைவி எமிலியா இப்படி ஒருத்தி வேண்டுமென்று கேட்கவில்லை. பங்குச் சுவாமி சொன்னார், மறுக்க முடியவில்லை.

"ஊழியமெண்டா என்ன செய்வாய்?" என்று வந்த அன்றே கேட்டாள் எமிலியா.

"சின்னாக்களுக்கு மறைக்கல்வி, வீடுகளில செபம்..."

"சட்டி கழுவத் தெரியுமோ?"

ஷானிகா சிரித்தாள். எமிலியா சிரிக்கவில்லை.

ஷானிகாவை மோசமான பெண் என்று சொல்ல முடியாது. சட்டி கழுவினாள், தண்ணீர் சுமந்தாள். ஆனால் தன் வரவால் அந்த வீடு ஏதோ பெற்றுக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவள் நடையிலேயே இருந்தது. இருந்த ஒரே அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் குசினியில் படுப்பதை அவள் வெகுகாலம் கவனிக்கவில்லை.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. போனவரின் வள்ளத்தை மீனவர் சங்கம் கரையில் ஏற்றி முடக்கிவிடும். ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காற்று எழும்பி, றொபியால் வலையை இழுக்க முடியாமல் போயிற்று. திங்கள்வரை விட்டால் சிக்கிய நண்டுகள் வலையைக் கந்தலாக்கிவிடும். அவனிடம் வேறு வலை இல்லை. மறுநாள் ஊர் பூசையில் இருந்த நேரம் தனியே போய் இழுத்து வந்தான்.

"ஆரும் கேட்டா அண்ணனுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு," என்றாள் எமிலியா ஷானிகாவிடம்.

"பொய் சொல்ல ஏலாது அக்கா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு."

அது செபமாலை மாதம். வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அந்தக் கிழமை றொபி வீட்டுக்கு வந்தது. செபமாலை முடிந்ததும் வழக்கப்படி ஒவ்வொருவராக வாய்விட்டு மன்றாடினார்கள். ஒருத்தி தன் நோய்க்காக, ஒருவர் கட்டாருக்குப் போன மகனுக்காக. ஷானிகா கண்களை மூடி, உருக்கமாகச் சொன்னாள்: "உமது நாளில் தொழிலுக்குப் போன இந்த வீட்டு அண்ணனை மன்னித்தருளும். இந்த வீட்டுக்காக மன்றாடுவோம்."

சங்கத் தலைவர் அன்ரனிப்பிள்ளை முழந்தாளில் இருந்தபடியே திரும்பினார்.

"உண்மையோ றொபி?"

மாதாவுக்கு முன்னால் றொபியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நத்தார்ப் பண்டிகை வரை வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. றொபி கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றான். எமிலியா ஊராரின் நண்டுக்குச் சதை எடுக்கப் போனாள். சுவாமி ஷானிகாவை வேறு வீட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னார். அவள் போகவில்லை. எமிலியா அதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டாள்.

"நான் ஆண்டவரிட்டத்தான் சொன்னன் அக்கா."

"அவருக்குக் காது கேளாதெண்டோ அவ்வளவு சத்தமாச் சொன்னாய்?"

கடவுளோடு பேசும்போது மனிதர் காதில் விழாது என்று நம்புவதும் ஒருவகை அகந்தைதான். அதற்குப் பிறகு எமிலியா அவளோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஷானிகாவின் ஊழிய வருடம் முடியும் ஞாயிறு வந்தது. பூசையில் சுவாமி ஷானிகாவுக்கு நன்றி சொல்லி ஆசீர்வதிப்பதாக இருந்தது. தாயும் தகப்பனும் சிலாபத்திலிருந்து நேரே கோயிலுக்கு வந்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மறுபடியும் காற்று. வலை களப்பிலேயே கிடந்தது. இரண்டாம் முறை பிடிபட்டால் வள்ளத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று சங்கம் சொல்லியிருந்தது.

"தனிய ஏலாது. காத்து இன்னும் விடேல்ல," என்றான் றொபி. "ஒராள் வள்ளத்தைத் தாங்கோணும்."

"நானும் கோயில்ல இல்லையெண்டா ஊருக்கு விளங்கிடும்," என்றாள் எமிலியா.

வெள்ளைச் சட்டையோடு அறையிலிருந்து வந்தாள் ஷானிகா. "நீங்க பூசைக்குப் போங்க அக்கா. நான் அண்ணனோட போறன்."

"ஏன், இதையும் செபத்தில சொல்லவோ?"

ஷானிகா உள்ளே போய்ப் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பூசையில் சுவாமி அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். மீண்டும் அழைத்தார். தாய் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். எமிலியா பீடத்தையே பார்த்தபடி இருந்தாள்.

பூசை முடிந்த கையோடு அன்ரனிப்பிள்ளை றொபி வீட்டுக்கு வந்தார். நண்டு கீறிய கைகளைப் பாவாடை மடிப்புக்குள் வைத்தபடி ஷானிகா படியில் நின்றாள்.

"எங்க பிள்ள நிண்டனீ? சுவாமி கூப்பிட்டுக் களைச்சுப் போனார். றொபியையும் காணேல்ல."

"அண்ணனுக்குக் காய்ச்சல் அங்கிள். நான் பக்கத்தில இருந்தன்."

அவள் பொய் சொல்ல ஏலாத பிள்ளை என்று ஊருக்கே தெரியும். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் தாய் தகப்பனோடு அவள் பஸ் ஏறியபோது எமிலியா வெளியே வரவில்லை. சில மாதம் கழித்து எமிலியாவே தொலைபேசியில் அழைத்தாள், நன்றி சொல்ல அல்ல.

"ஏன் அண்டைக்கு அண்ணனுக்குக் காய்ச்சலெண்டு சொன்னாய்?"

களப்பில் இப்போது காற்று எப்படி என்று ஷானிகா விசாரித்தாள்.