பெட்டியில் நெல் இல்லை

திருகோணமலைத் துறைமுகத்தில் வெல்டிங் ஒட்டுகளைப் படம் பிடித்துச் சோதிக்கும் பகுதிக்கு நான்தான் பாதுகாப்புப் பொறுப்பாளர். படம் பிடிக்கத் தேவையான கதிர்வீச்சுப் பொருள் ஈயப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அதைக் கொண்டுபோகும் வழியில் விபத்து நடந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுதியவனும் நானே. முதல் விதி: பெட்டியைத் தனியே விடக்கூடாது. அதை முதலில் மீறியவனும் நானே.

அன்று கிண்ணியாவில் வேலை. அப்போது பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையில்தான் கடக்க வேண்டும். அதைப் பாதை என்போம். பாதை ஏறும் துறையில் எங்கள் லொறி பழுதாகி நின்றுவிட்டது. வேறு லொறிக்கு மாற்றுவதற்காகப் பெட்டியைக் கீழே இறக்கினோம். டிரைவர் லொறிக்கு அடியில் புகுந்தார். நான் டெலிபோன் தேடிப் போனேன். கொட்டை எழுத்தில் எச்சரிக்கை எழுதியிருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள் என்ற மிதப்பு எனக்கு.

திரும்பி வந்தால் பெட்டியும் இல்லை, பாதையும் இல்லை.

கதிர்வீச்சை அளக்கும் மீற்றரோடு தோணி பிடித்து அக்கரைக்குப் போனேன். பாதையில் வேலைசெய்யும் காசிம், அண்ணன் முறைக்கு எல்லாருக்கும் காக்கா, விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பெட்டியின் மேலேயே குந்தியிருந்தார்.

"காக்கா, எழும்புங்கோ! எல்லாரும் தள்ளிப் போங்கோ!"

அவர் துள்ளி எழுந்தார். "என்ன சேர்? நாந்தான் ஏத்தின. 'கதிர்ப் பொருள், தள்ளி வைக்கவும்' எண்டு எழுதியிருந்திச்சி. நெல்லுக் கதிரெண்டு மூட்டையோட தள்ளி வெச்சன்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் அதுல குந்தியிருந்தனே! எனக்கு என்னவும் வருமா? மறைக்காமச் சொல்லுங்க சேர்."

பூட்டைப் பார்த்தேன், உடையவில்லை. சாவி என் சட்டைப்பையில். மீற்றரின் முள், காலையில் துறைமுகத்தில் காட்டிய அதே அளவில்தான் நின்றது. அதை அவருக்கே காட்டினேன்.

"ஈயம் அப்படியே இருக்குது காக்கா. உங்களுக்கு ஒண்டும் வராது. பிழை என்ர."

பெருமூச்சு விட்ட பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நெல்லு ஏத்துற துறையில கதிரெண்டு எழுதினா ஆர்தான் என்ன நினைப்பான்? விளங்குற மாதிரி எழுத ஏலாதா?"

"நீங்களே சொல்லுங்கோ, எழுதுறன்."

அவர் சொன்னதையே மறுநாள் பெட்டியில் எழுதினேன்: 'ஆபத்து. கிட்ட வராதே. தொடாதே. நெல் இல்லை.'

எச்சரிக்கையை எழுதுகிறவனுக்கு விளங்கினால் போதாது, தூக்குகிறவனுக்கு விளங்க வேண்டும். கொழும்பிலிருந்து சோதனைக்கு வந்த மேலதிகாரி கடைசி வரியைப் பார்த்துச் சிரித்தார், அழிக்கவும் சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ திருத்தங்களைச் செய்திருக்கிறேன். அந்த வரியில் மட்டும், நான் ஓய்வு பெறும்வரை, எழுத்து மங்காதபடி ஆண்டுதோறும் புதுப் பெயின்ற் பூசினேன்.