மஞ்சளாகிப்போன தண்ணீர்

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்குத் தண்ணீர் ஃபில்டர் பூட்டித் தந்தவன் சிவா, என்னோடு படித்தவன். வடிகட்டிய தண்ணீரில் சோதனைச் சொட்டு ஒன்றை விட்டான், மஞ்சளானது. மினரல் சேர்க்கும் குழாயைப் பூட்டியபின் விட்டான், நீலமானது.

"நீலமெண்டால் கல்சியம் எல்லாம் இதில இருக்கு மச்சான். இந்தக் குழாய் ஒரு வருஷம் தாங்கும்."

நம்பினேன். மேல்மாடி ரிஹானா டீச்சரையும் அவனிடமே ஒன்று வாங்க வைத்தேன். எலும்புத் தேய்வுக்கான கல்சியம் குளிசை வயிற்றைப் புரட்டுகிறது என்றவரிடம், "இனிக் குளிசை வேண்டாம், இந்தத் தண்ணியே காணும்" என்று சொன்னவனும் நான்தான்.

ஆறு மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் சிவா வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கொதித்தாறிய தண்ணீர் தந்தாள்.

"ஏன் தங்கச்சி, நீங்கள் ஃபில்டர் பூட்டேல்லையோ?"

"அந்த மினரல் குழாய் ஒரு மாசத்தில ஒண்டுக்கும் உதவாது எண்டு இவர்தானே சொல்லுறவர் அண்ணை" என்று சிரித்தாள். சிவா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும், அவன் வைத்துவிட்டுப்போன சோதனைப் போத்தலிலிருந்து ஒரு சொட்டை எங்கள் தண்ணீரில் விட்டேன். மஞ்சள். இருபது வருடச் சிநேகிதம்! தண்ணீரை அப்படியே சிங்க்கில் கொட்டினேன்.

அதே ஆத்திரத்தில் டீச்சரிடம் சொல்ல மாடியேறினேன். கதவைத் திறந்தவர், "வாங்க மகன். உங்கட பேச்சக் கேட்டு இப்ப குளிசத் தொல்லையே இல்ல" என்று அந்தத் தண்ணீரில் ஒரு கிளாஸ் நீட்டினார்.

குடித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே, "நல்லா இருக்கு டீச்சர்" என்றேன்.

சிவாவோடு நான் இப்போது கதைப்பதில்லை. டீச்சர் இன்னும் குளிசை போடுவதில்லை.