யூர்கன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது

ஜெர்மனியில் என் காலை ஒரு மஞ்சள் பெட்டியோடுதான் விடிகிறது. கணினியைத் திறந்ததும் திரை நடுவில் வந்து நிற்கும்: ‘இந்த மென்பொருளைப் புதுப்பிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.’ அந்த மென்பொருளை எழுதியவனே நான்தான். அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கிற சின்ன நிரல். பெற்ற பிள்ளைக்குச் சட்டை மாற்ற அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல ஒவ்வொரு முறையும் நிர்வாகி யூர்கனுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அறுபதை நெருங்கும் அந்த மனிதர் மெல்ல நடந்து வருவார், கடவுச்சொல்லைத் தட்டுவார், “ஃபெர்டிக்” என்பார். முடிந்தது என்று பொருள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் போய்விடும்.

நாமக்கல்லில் முட்டை அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருந்தவன் நான். அங்கே நிர்வாகிக் கணக்கு என் பேரில் இருந்தாலும் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். முதலாளி வாங்கிய முதல் லாரியின் எண். மானிட்டர் ஓரத்தில் மார்க்கரால் எழுதியே வைத்திருந்தார். “எல்லாத்துக்கும் தெரியட்டும் சாமி. லோடு நிக்கறப்ப உன்னயத் தேடிட்டு இருக்க முடியுமா?” என்பார். லோடு ஏற்ற வந்த டிரைவர்கூட ஒருமுறை அப்டேட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் புத்தியோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். சோதனைக்காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு வியாழன் மதியம் லேபிள் நின்றுபோனது. புதிய பதிப்பைப் போட்டால் சரியாகிவிடும். வாசலில் லாரி காத்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் யூர்கன் ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுகிறவரை எழுப்பலாமா? எங்கள் பக்கம் சண்டைக்கு வந்தவன்கூட, கை கழுவட்டும் என்று வாசலில் நிற்பான். திரும்பிவிட்டேன். அவர் விரல்கள் போகிற வழியை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவன் ஆயிற்றே, நானே தட்டினேன். திறந்தது. லேபிள் வந்தது, லாரி கிளம்பியது.

பெருமையோடு போய்ச் சொன்னேன்: “நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு நானே முடித்துவிட்டேன்.”

யூர்கன் ரொட்டியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. “நைன்,” இல்லை என்று தலையை ஆட்டினார். “என் கையெழுத்தை நீங்கள் போட்டிருக்கிறீர்கள்.”

“நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.”

“அதனால்?”

யூர்கன் என்னை மேலாளரிடம் கூட்டிப்போனார். படியேறும்போது எங்கள் ஊர் வழக்கத்தைத் திக்கித் திணறி அவருக்கு விளக்கினேன். உள்ளே போய் நடந்ததை ஒன்றுவிடாமல் அவரே சொன்னார். கடைசியில், “இவர் பார்க்கும்படி தட்டியது என் தப்பு. சாப்பிடுகிறவனை எழுப்பக் கூடாதென்று இப்படிச் செய்திருக்கிறார்” என்றார். மேலாளர் எச்சரித்து விட்டுவிட்டார். வேலை தங்கியது. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் யாரென்று கேட்டால் யூர்கன் என்றுதான் சொல்வேன்.

இப்போதெல்லாம் கூப்பிட்டால் ரொட்டியும் கையுமாகவே வந்துவிடுகிறார். அவர் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நேற்று அப்படி நின்றிருக்கையில் நாமக்கல்லில் இருந்து செல்வி கூப்பிட்டாள். அந்த அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது அவள்தான்.

“ஏனுங்ணா, சிஸ்டத்துல அட்மின்னு இன்னும் உங்க பேருதான் கெடக்குதுங்க. மொதலாளி மாத்தச் சொன்னாரு. எடுத்துரட்டுங்களா?”

எடுத்துவிடு என்பதுதான் முறை. அது இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அங்கே என் பேர் மிச்சமிருப்பது அந்த ஓரிடத்தில்தான்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் சாமி,” என்றேன்.

“ஃபெர்டிக்,” என்றார் பின்னாலிருந்து யூர்கன். நான் உடனே திரும்பவில்லை.