குளக்கரை தாண்டாத பதினோரு பேர்

நான் செய்த விளையாட்டில் காகம் பேசும். வேப்பமரம் பேசும். கோபம் வந்தால் ஆட்டுக்கல் கூடப் பேசும். அந்தத் திமிரில்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்ற பகுதியில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலை எனக்கு. அதற்காக வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில், மதிய இடைவேளைகளிலும் லீவு நாட்களிலும் தனியாக உட்கார்ந்து இரண்டு வருஷமாக அந்தக் கதை விளையாட்டை எழுதினேன். ஒரு ராஜ்யத்தின் ஆறு திடீரென்று வற்றிவிடுகிறது. தண்ணீரைத் திருடியது யார் என்று இளவரசி ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டும். யார் முன்னால் நின்று பட்டனைத் தட்டினாலும் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார்.

முதல் ஆட்டத்துக்கு எங்கள் லேத் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். தாராபுரம் பக்கம் எனக்கு அடுத்த ஊர்க்காரர். நான்கு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தோம். ஊரில் இது நடக்காது. எங்களுடையது தோட்டம் துரவு உள்ள குடும்பம்; அவருடைய ஆட்கள் அப்படிப்பட்ட தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அதையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்த பெரிய மனுஷன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

அவர் நிதானமாக ஆடினார். காகம் அங்கலாய்த்தபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இளவரசியைக் குளக்கரைக்கு அந்தப் பக்கம், ஊரின் தெற்குக் கோடிக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே ஐந்து குடிசைகள், பதினோரு பேர். முதல் ஆள் முன்னால் நின்று பட்டனைத் தட்டினார். பதில் இல்லை. பதினோரு பேரிடமும் பொறுமையாகத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பட்டன் வேலை செய்யலீங்களா?"

"இரு, எங்கியோ தப்பு இருக்குது."

புரோகிராமைத் திறந்தேன். தப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு நான் ஒரு வரிப் பேச்சுகூட எழுதியிருக்கவில்லை. ஊர் என்றால் தெற்கே அப்படி ஒரு தெரு இருக்கும், அதனால் வைத்திருக்கிறேன். அதோடு போயிருந்தால் மறந்துவிட்டேன் என்று சமாளித்திருப்பேன். அவர் கீழே ஒரு வரியைக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்டார்.

இந்தப் பதினோரு பேர் நடமாடலாம், குளக்கரையைத் தாண்டக் கூடாது. நானே எழுதிய வரி. எல்லாரும் சுற்றினால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று எழுதியதாக ஞாபகம். காகத்துக்கும் கோயில் மாட்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு போடவில்லை. அதையும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. சிரித்தார்.

"அச்சு அசலா நம்மூரையே பண்ணிப்போட்டீங்களே."

"இப்பவே பேச வெக்கறேன்" என்று உட்கார்ந்தேன். விரல் நகரவில்லை. காகத்தின் குறையை முப்பது வரிக்கு எழுதியவன் நான். ஊரில் எங்கள் தோட்டத்துக்குப் பதினைந்து வருஷம் தண்ணீர் கட்டிய ஆள் ஒருவர் உண்டு; அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன பேசுவார்? தெரியாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள்? அதுவும் தெரியாது. தண்ணீர் எங்கே போனது என்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்? அவரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமும் எனக்குத் தோன்றவே இல்லை.

"பேச்செல்லாம் அப்பறம் எழுதிக்கலாமுங்க. மொதல்ல அந்த வரியை எடுத்துப்போடுங்க" என்றார்.

எடுத்துவிட்டு ஓட்டினேன். சற்று நேரத்தில் ஒரு ஆள் கரையேறி, கோயிலைக் கடந்து வந்து, இளவரசிக்கு நேர் எதிரே நின்றார். நான் பட்டனைத் தட்டவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "உங்க ஊட்டுல யாராரு இருக்கறாங்க?" என்று கேட்டேன். அந்த நான்கு வருஷத்தில் ஒருதடவைகூட அதைக் கேட்டதில்லை.