ஏழு நாள் யோக்கியன்

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் தேறினால்தான் எங்களை மேலே ஏற விடுவார்கள். அதனால் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் யோக்கியர்களாகிவிடுவோம். நான் மகா யோக்கியன்: கஞ்சி, கீரை, சரக்குக்கு லீவு. ரிப்போர்ட் வந்த அன்றே டோல்கேட் பக்கத்துக் கடையில் பிரியாணியும் குவார்ட்டரும். இப்படியே ஆறு வருடம் பாஸானேன்.

போன மாதம் கிரேன் ஏணியில் பாதி ஏறியபோது, நெஞ்சின் மேல் கன்டெய்னரை இறக்கியதுபோல் அழுத்தியது. கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மாமு, காத்து வாங்கிகினு கீறியா?" என்று கீழேயிருந்து கேட்டான் நண்பன் சேகர். வாயாடியான நான் பதில் சொல்லாததைக் கண்டுதான் பயந்து ஏறி வந்தான்.

மருத்துவமனையில் அன்றே ரத்தம் எடுத்தார்கள். யோக்கியனாக அவகாசமே இல்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கம்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய் உள்ளே கொழுப்பு படிஞ்சு குறுகியிருக்கு. உட்கார்ந்திருந்தா போதுமான ரத்தம் கிடைக்குது, ஏறும்போது பத்தல" என்றார் டாக்டர்.

பாஸான பழைய ரிப்போர்ட்டுகளை நீட்டி, ஒரு வாரக் கஞ்சிக் கதையையும் சொன்னேன்.

"ஒரு வாரம் வாயைக் கட்டினா ரத்தத்துல இருக்கறது குறையும். படிஞ்சது எங்கேயும் போகாது."

"ஆறு வருசமா யாரை ஏமாத்திகினு இருந்தே?" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

இப்போது மாத்திரை, நடை, தரையில் வேலை. மறுபடி ஏற விடுவார்களா தெரியாது. பரிசோதனைத் தேதியை மனைவிதான் குறிக்கிறாள், என்னிடம் சொல்வதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமாம்; காலையில் டீ வராவிட்டால் அன்றுதான் பரிசோதனை. அதனால் தினமும் யோக்கியனாக இருக்கிறேன்.