அருவியில் கேட்ட என் வாக்கியம்

குற்றாலத்தில் இன்று குளிக்கலாமா, தண்ணீர் எப்படி என்று தினமும் எழுத ஓர் இணையதளம் வைத்திருந்தேன். மெயினருவிப் பக்கம் சோப்பும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்கும் அக்கா ஒருத்தி காலை ஆறு மணிக்குப் போன் செய்வாள். அவள் சொல்வதைத் தென்காசியில் என் வீட்டிலிருந்து எழுதிப் போடுவேன்.

ஒருநாள் வேறொரு சுற்றுலாத் தளத்துக்காரர் மெயில் அனுப்பினார். என் தளத்தின் இணைப்பை அவர் போடுவாராம், அவருடையதை நான் போட வேண்டுமாம். இருவரும் இணையத் தேடலில் மேலே வருவோமாம். போட்டேன். உண்மையாகவே மேலே வந்தேன். ஆசை விடவில்லை. டைல்ஸ் கடை, கடன் ஆப், ஜோதிடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தேன். அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறதென்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த சீசனில் மலையில் விடாமல் மழை. காலையில் அக்கா கூப்பிட்டாள்.

“ஏட்டி, தண்ணி செக்கச்செவேல்னு வருது. போலீஸ்காரவ கயிறு கட்டிட்டாவ. யாரும் வராண்டாம்னு போடு.”

போட்டுவிட்டு, படம் எடுக்கலாமென்று பஸ் ஏறிப் போனேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் நின்றது. விருதுநகரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். பிள்ளைகள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சாரலில் நடுங்கினார்கள். அப்பாக்காரர் போலீஸ்காரரிடம் போனை நீட்டி வாசித்துக் காட்டினார்.

“இன்று குளிக்க அனுமதி உண்டு. பெண்கள் பக்கம் பாசி வழுக்குகிறது, பார்த்துக் கால் வையுங்கள்.”

அது என் வாக்கியம். போன வருடம் நான் எழுதியது. அவரிடம் போனை வாங்கிப் பார்த்தேன். முதன்முதலில் இணைப்பு மாற்றிக்கொண்ட அதே தளம். மேலே அன்றைய தேதி, கீழே என் பழைய எழுத்து அப்படியே. தேடலில் அதுதான் முதலில் நின்றது. என்னுடையதைத் தேடித் தேடி நான்காம் பக்கத்தில் கண்டேன். அதை யார் பார்ப்பார்கள்?

இது நான் எழுதியது, பழசு என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்ப எங்களை வரச் சொன்னது நீங்கதானாம்மா?”

இன்னும் கொஞ்சம் முன்னால், கயிறு கட்டுமுன் அவர்கள் வந்திருந்தால்? அவர்கள் பிள்ளைகளைத் துடைத்து வேனில் ஏற்றும்வரை அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தளத்துக்காரருக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: நீங்கள் எங்கள் இணைப்பை எடுத்தால் நாங்களும் உங்களுடையதை எடுத்துவிடுவோம். அருவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். மனிதர் எழுதியதுதானா என்றே சந்தேகமாக இருந்தது.

இணைப்பு என்பது இதை நம்பலாம் என்று நாம் கொடுக்கும் சிபாரிசு என்றும், பேசி வைத்து மாற்றிக்கொண்டால் தேடல் கண்டுபிடித்துக் கீழே தள்ளிவிடும் என்றும், தென்காசியில் கணினி வேலை பார்க்கும் தோழி பிறகு விளக்கினாள். அந்தத் தளம் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான் என்றாள். நான் சிபாரிசு செய்தது யாரை என்று அப்போதுதான் உறைத்தது.

எல்லா இணைப்புகளையும் எடுத்தேன். அந்த சீசன் முழுக்க என் தளம் மேலே வரவில்லை. அந்தப் பழைய வாக்கியம் வேறு தளங்களில் எங்கெங்கோ இன்னும் கிடக்கிறது. மழை நாட்களில் அதைத் தேடிப்பிடித்து, எடுக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.