அப்பாவின் கைகளுக்கு ஒரு வேலை

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா மைசூருக்குப் போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா அரசு அலுவலகத்தில் கன்னடத்தில் கோப்பு எழுதியே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கேயும் போகாமல் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருப்பார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து, மறுபடியும் போய்ப் பார்ப்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஓரிடத்தில் தரிக்கிற ஆள் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை. கம்பெனி கேப் நெரிசலில் நின்றுவிட்டால் போதும், மடிக்கணினியைத் திறந்து ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத எதையாவது நோண்ட ஆரம்பித்துவிடுவேன். அந்தச் சமயம் பங்குச் சந்தையில் தானாகவே வாங்கி விற்கும் ஒரு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த நிலையில் வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று விதிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். சந்தை விலை நிஜம், பணம் மட்டும் பொம்மை. எனக்கு லாபத்தில் ஆசை இல்லை. நான் எழுதிய விதி ஒரு நாள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் ஆசை.

அதற்கும் முன்னால் பிடித்த பைத்தியம் மேடை விளக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கன்னட நாடகக் குழுவுக்கு விளக்கு போடுவேன். விளக்குகளைக் கணினியிலிருந்து இயக்க நாங்கள் பயன்படுத்தியது ஓர் இலவச மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நானும் அதில் சில பிழைகளைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். ஆபீசில் நான் எழுதும் நிரலை யார் பயன்படுத்துகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இங்கே ஒரு விசையை அழுத்தினால் எதிரே ஒரு சுவர் நீலமாகும், ஒரு முகம் துலங்கும். அது போதாதா என்று கேட்டால், ஒரு மாதம் போதும். அப்புறம் வேறு எதையோ தேட ஆரம்பித்துவிடுவேன்.

அப்பா சும்மா நடப்பதைப் பார்க்க முடியாமல் ஒரு நாள் காலையில் அந்தப் பங்கு ப்ரோக்ராமை அவர் முன்னால் திறந்து வைத்தேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். திரையின் மூலையில் சிவப்பாக ஒரு நிறுத்து பட்டன் இருந்தது. ஏதாவது தலைகீழாகப் போனால் மட்டும் அதை அழுத்தச் சொன்னேன்.

அன்று கேப் மேம்பாலம் ஏறுவதற்குள் போன் வந்துவிட்டது.

"அது ஒண்ணுமே பண்ணலியே. சும்மாவே உக்காந்திருக்கு."

"அதோட வேலையே அதாம்பா. சரியான விலை வர்ற வரைக்கும் காத்திருக்கும்."

"எவ்ளோ நேரம் காத்திருக்கும்?"

சில நாள் முழுக்கக்கூடக் காத்திருக்கும் என்று சொன்னேன். அவருக்கு அது சரியாகப் படவில்லை. அது எதையாவது வாங்கிவிட்டாலோ இன்னும் மோசம். விலை கொஞ்சம் இறங்கினால் நிறுத்திவிடுவார். நிறுத்தின பிறகு விலை ஏறினால் மீட்டிங்கில் இருக்கும் என்னைக் கூப்பிட்டு, நிறுத்தியிருக்கக் கூடாதோ என்று கேட்பார். பொம்மைப் பணம்தானே என்றால், "பணம் பொம்மைன்னா, நான் பாக்கறதும் பொம்மைதானா?" என்று கேட்டார் ஒருநாள். ஒரு வாரத்தில் அந்த ப்ரோக்ராமால் எந்த முடிவுக்கும் வர முடியாமல் போய்விட்டது. என் விதியைச் சோதிக்கிறேனா, அப்பாவின் பொறுமையைச் சோதிக்கிறேனா என்று எனக்கே புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அவரையும் அழைத்துப் போனது அதனால்தான். ஒரு கல்லூரி அரங்கில் நாடகம். பிரதியைப் படித்துக்கொண்டே எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று எனக்குச் சொல்லும் பையனுக்குக் காய்ச்சல். கன்னடம் எனக்குத் தாய்மொழி மாதிரி பேச வரும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்பா படிக்கட்டுமே என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் தொழில்முறையில் பல் மருத்துவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாயைத் திறக்காதவர்களையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, எதையும் நிதானமாகத்தான் செய்வார். அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நாடகத்தில் அக்கா தங்கை இரண்டு பேர். அம்மா இறந்த பிறகு வீட்டை விற்கலாம் என்கிறாள் தங்கை. அக்கா ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பதில் சொல்கிறாள். அதுதான் நாடகத்தின் உயிர். அந்த மௌனம் முடியும் வரை விளக்கைத் தொடக் கூடாது என்று ஒத்திகையில் பலமுறை சொல்லியிருந்தார் இயக்குநர்.

அப்பா பிரமாதமாகச் செய்தார். சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, ஒவ்வொரு விளக்கு மாற்றத்தையும் சரியான வார்த்தையில் சொன்னார். பாதி நாடகம் போனதும் நான் அவரைப் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் போன நாட்களில் அப்படித்தான் உட்காருவார்.

டிரங்குப் பெட்டி வந்தது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். அரங்கம் அடங்கியது. ஒத்திகையில் இருந்ததைவிட அன்று அவள் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டாள். அப்பா பிரதியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடியும் பிரதியைப் பார்த்தார். அவர் முழங்கால் ஆடுவது எனக்குத் தெரிந்தது. "மறந்துட்டா போல" என்று காதோடு சொன்னார். இல்லை என்று தலையாட்டினேன். நான் தடுப்பதற்குள் அவர் கை நீண்டு அடுத்த விளக்கு மாற்றத்துக்கான விசையை அழுத்திவிட்டது.

மேடை மெல்ல இருண்டது. காட்சி முடிந்துவிட்டதென்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். நான் பதறிப்போய் விளக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். கைதட்டல் பாதியில் தேய்ந்தது. அந்தப் பெண் அசையாமல் அதே பெட்டியின் மேல் இருந்தாள். தன் பதிலைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் முன்வரிசையில் யாரோ செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

நாடகம் முடிந்ததும் அப்பா நேராக ஒப்பனை அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நீ வசனத்தை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன், தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல என்று கன்னடத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

கண் மையைத் துடைத்துக்கொண்டே அவள், "நான் மறக்கல அங்கிள்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, அடுத்த வாரம் அப்பா பார்வையாளர்களோடு உட்காரட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை எனக்குப் போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பங்கு ப்ரோக்ராம் யாரும் நிறுத்தாமல் ஓடியது. அவர் திரையைத் திறக்கவே இல்லை. ஆபீசில் எனக்கு உட்கார முடியவில்லை. நானே கூப்பிட்டேன். சாப்பிட்டேன் என்றார். என்ன பண்ணுகிறீர்கள் என்றால், சும்மா இருக்கேன் என்றார். அவர் போன் செய்து தொந்தரவு பண்ணியபோது எரிச்சல்தான் பட்டேன். இப்போது போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கு மென்பொருளை அவரிடம் காட்டினேன். அதன் திரையில் இருக்கும் சொற்களை யாரோ கன்னடத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தார்கள். இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டக்கூட இல்லை.

"நான் தொட்டா எதாவது கெட்டுப் போகும்மா. வேணாம்."

"கெடாதுப்பா. நீங்க எழுதறதை இன்னொருத்தர் பாத்து ஒத்துக்கிட்டாத்தான் உள்ளேயே போகும்."

அதைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். கோப்புகள் அப்படித்தானே மேலே போகும். ஒருவர் எழுத, இன்னொருவர் பார்க்க. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

முதல் திரையிலேயே நிமிர்ந்தார். 'தேர்ந்தெடு' என்பதற்கும் 'அணை' என்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள்: ஆரிஸு. கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. ஒரு விளக்கைத் தேர்ந்தெடுக்கப் போனவன் அதை அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, தானே சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் சிரித்தது அப்போதுதான்.

தேர்ந்தெடுப்பதற்கு 'ஆய்கெ' என்று மாற்றி அனுப்பினார். மறுநாள் ஹுப்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் மறுப்பு எழுதியிருந்தார். பள்ளி நாடகங்களுக்கு விளக்கு போடுகிறவராம், அரைகுறை மொழிபெயர்ப்பும் அவருடையதுதானாம். எங்கள் பிள்ளைகள் ஆய்கெ என்று பேசுவதில்லை, அது ஆபீஸ் பாஷை என்று எழுதியிருந்தார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. பதில் எழுதினார், அழித்தார், மறுபடியும் எழுதினார். நான் கேப்பில் இருக்கும்போது போன் வரத் தொடங்கியது. இப்போது பங்கு விலைக்காக அல்ல. விளக்கு மெல்ல மங்குவதை எப்படிச் சொல்வது, 'பிளாக்அவுட்'டுக்கு இருட்டு என்று பொருள்படும் 'கத்தலெ' மட்டும் போதுமா, ஒரு பெயர்ச்சொல்லை ஆணையாகப் போட முடியுமா என்று கேட்பார். நான் தெரியாது என்பேன். அவரும் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கடைசியில் ஆசிரியர் ஆய்கெக்கு ஒத்துக்கொண்டார். அப்பா வேறு நான்கைந்து சொற்களை அவருக்கு விட்டுக்கொடுத்தார். கன்னடத் திரை வெளியானபோது இயக்குநர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் ஏதோ ஒரு சொல்லைப் பற்றி வெகுநேரம் பேசினார். அடுத்த நாடகத்துக்கு விளக்கறைக்கு வருகிறீர்களா என்றும் கேட்டாராம்.

"வரலைன்னுட்டேன். அங்க என் கை சும்மா இருக்காது" என்றார் அப்பா, சாதாரணமாக.

பேத்தியைப் பார்த்துவிட்டு அம்மா மைசூரிலிருந்து திரும்பியபோது அப்பா கணினி முன்னால் இருந்தார். வாசலில் பையை வைத்தவளிடம் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு ஒரு வரியை முடித்த பிறகுதான் எழுந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஒரே சொல்லோடு ஒரு மாதம் மல்லுக்கட்ட அவரால் முடிகிறது. நான் அந்த வாரமே பங்கு ப்ரோக்ராமைக் கிடப்பில் போட்டுவிட்டு, மேடைக்கு மழை ஓசை உண்டாக்குவது எப்படி என்று படிக்க ஆரம்பித்திருந்தேன். அம்மா காபி போடப் போனாள். நான் அவள் பின்னால் சமையலறைக்குப் போனேன், ஹாலுக்கு வந்தேன், பால்கனிக்குப் போய் நின்றேன்.